ஞானாதிக்கத்தின் ஏழு விநாடி

பெரம்பூரில் எங்கள் காலனி ஹாலில் 1962 ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கிய சாக்ஸபோன் சோலோவுக்கு நான் பகல் நேர டேப் ஆபரேட்டராக இருந்தேன். வேலையில் சேர்ந்தபோது சோலோவுக்கு முப்பத்தேழு வயது, எனக்கு இருபத்தெட்டு. எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்து ரிடையர் ஆகியிருந்தார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். புது நாற்காலி கேட்டு ரெக்கார்டு கம்பெனிக்குப் பதினோரு முறை எழுதினேன். மாற்றும்போது சத்தம் ரெக்கார்டிங்கில் விழுந்துவிடும் என்று பதினோரு முறையும் பதில் வந்தது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒரு ரீல் அரை மணி நேரம் ஓடும். அது தீர்வதற்குள் பக்கத்து மெஷினில் அடுத்த ரீலை ஓடவிட வேண்டும். தீர்ந்த ரீலின் டப்பா மேல் தேதியும் நேரமும் எழுதி, ‘சோலோ தொடர்கிறது’ என்று முத்திரை குத்தி, குடோனுக்கு அனுப்ப வேண்டும். எனக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நாலு பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஷிப்ட்காரர் டீ டம்ளரை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். அந்த வட்டக் கறையைத் துடைப்பதில்தான் என் காலை தொடங்கும். இருபத்தைந்து வருடம் சொல்லிப் பார்த்தேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாலு பேரைச் சொல்லிவிடுகிறேன். சாக்ஸபோன், செசில் பாரெட். பியானோ, மிஸஸ் ஒலிவ் டிமாண்டி. டிரம்ஸ், ஞானாதிக்கம். ஆள் உயரத்துக்கு நிற்குமே பெரிய பாஸ், அதற்கு அருளப்பன். ‘காலனி ஃபோர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அருளப்பன் 1991-இல் காலமானார். அவர் மகள் ரெஜினாவுக்குக் கருணை அடிப்படையில் அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார்கள். ரெஜினா அதற்கு முன்னால் ஸ்கூலில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவள். அடக்க ஜெபத்தை ஹாலிலேயே வைத்துக்கொண்டார்கள், பாதிரியார் தாளத்தில் ஜெபித்தார். அப்பாவின் கை பாஸை விட்டதற்கும் மகளின் கை அதைப் பிடித்ததற்கும் நடுவே தாளத்தில் ஒரு அடி கூடத் தவறவில்லை என்று பழைய ஆபரேட்டர் சொல்வார்.

ஹாலில் பேசக் கூடாது என்றெல்லாம் இல்லை. தாளத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான். தாளத்தில் விழுந்த பேச்சு ரெக்கார்டிங்கோடு சேர்ந்துகொள்ளும். தப்பி விழுந்தால்தான் அது இரைச்சல். காலனியில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. கீரைக்காரம்மா தன் கூடையில் இருப்பதை எல்லாம் எட்டு அடிக்குள் கூவி முடித்துவிடுவாள். குக்கர் விசில் அது பாட்டுக்கு வரும் என்பதால் யாரும் குக்கர் வைப்பதில்லை, சோறு வடிக்கிறார்கள். பத்து நாற்பது மின்சார ரயில் கடந்து போகும்போது அதன் ஹாரனைச் செசில் தன் வாசிப்போடு சேர்த்துக்கொள்வார். செசிலுக்கு மூச்சு விட நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. 1964-இல் பக்கத்துக் கோயில் நாதஸ்வரக்காரர் வந்து, கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்செடுப்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். தூக்கம் வந்தால் செசில் ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்து அதிலேயே தூங்குவார். சாப்பாட்டை ஒலிவ் மேடம் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் ஊட்டிவிடுவார்.

சோலோ ஏன் முடியவில்லை என்றால், அதன் ஒன்பதாவது பாரில் ஒரு தப்பு ஸ்வரம் விழுந்துவிட்டது. நாலு அடி சேர்ந்தது ஒரு பார். நம் கச்சேரியில் இப்படி விழுந்தால் பக்கவாத்தியக்காரர் மோட்டுவளையைப் பார்ப்பார், விஷயம் அத்தோடு போகும். ஜாஸ்காரர்கள் அப்படி விடுவதில்லை. தப்பாக விழுந்ததற்குப் பின்னால் பொருத்தமாக நாலு ஸ்வரம் வாசித்தால், முன்னால் விழுந்தது வேண்டுமென்றே வாசித்ததாக ஆகிவிடும். அவர்கள் வழக்கம் அது. செசிலின் தப்பு நாலு ஸ்வரத்தில் அடங்கவில்லை. நாற்பதிலும் அடங்கவில்லை. அதைச் சரியாக்காமல் சோலோவை விட அவருக்கு மனசு வரவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். கம்பெனியும் டேப் அனுப்பிக்கொண்டே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை மூன்று பேர் குழு ஒன்று வந்து, முதல் ரீலில் அந்த ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, ஹாலில் அரை மணி நேரம் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, ‘தப்பு எண்பத்தாறு சதவீதம் சரியாகியுள்ளது’ என்று எழுதிக் கொடுத்துப் போகும். 1998-இலிருந்து எண்பத்தாறிலேயே நின்றது.

ஒருவர் சோலோவில் இருக்கும்போது மற்றவர் புகக் கூடாது. இதுவும் அவர்கள் வழக்கம். அவராகத் திருப்தியாகி நாலு விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த நாலு பார் டிரம்ஸுக்கு. அந்த நாலு பாருக்குத்தான் ஞானாதிக்கம் அறுபத்திரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

அவர் காத்திருந்ததில் நியாயம் உண்டு. காலனி ஃபோர் இதற்கு முன்னால் இரண்டு ரெக்கார்டு போட்டிருந்தது. இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை. 1959-இல் ‘அரக்கோணம் பாசஞ்சர்’. அதில் ஞானாதிக்கம் அருமையாக ஒரு சோலோ வாசித்தாராம். ஆனால் தட்டில் மூன்று நிமிஷத்துக்குத்தான் இடம், அதனால் வெட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் ‘ஞாயிறு மழை’. அப்போது இருந்தது ஒரே மைக். டிரம்ஸ் சத்தம் மற்றதை அமுக்கிவிடும் என்று அவரைக் கொண்டுபோய்க் கக்கூஸ் பக்கம் உட்காரவைத்தார்கள். அந்த ரெக்கார்டில் அவரை யாரும் கேட்டதில்லை. மூன்றாவது ரெக்கார்டு இது, ‘கேரியர் மீல்ஸ்’. இதில் செசில் முடித்ததும் நாலு பார் உனக்கு என்று எல்லாரும் பேசி வைத்துத்தான் தொடங்கினார்கள். அவர்கள் வாசிக்கும் வேகத்தில் நாலு பார் என்பது ஏழு விநாடி.

“அந்த நாலு பாரை நான் மனசுல வாசிக்காத நாள் இல்ல, இந்து,” என்பார் என்னிடம். என் பெயர் இந்துமதி. ஹெட்போன் வழியாக நாங்கள் பேசிக்கொள்வோம், தாளத்தில்தான். “எண்பதுல ஒண்ணு வச்சிருந்தேன். அது சின்னப்புள்ளத்தனமா இருந்தது, தூக்கிப் போட்டுட்டேன். இப்ப வச்சிருக்கறதுல பாதி சத்தமே கிடையாது.”

2024 ஜூலை எட்டாம் தேதி அவருக்கு ஓய்வுக் கடிதம் வந்தது. அவருக்கு எண்பத்து நாலு வயது. நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக இருபத்தாறு முறை கொடுத்தாகிவிட்டது, இனி கொடுக்க விதியில் இடமில்லை, ஜூலை முப்பத்தொன்று மாலை ஐந்து மணியோடு விடுவிக்கப்படுகிறீர்கள் என்று எழுதியிருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த இடத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெட்ரோனோமை மாற்றலில் அனுப்புவதாகவும் இருந்தது. டிக் டிக் என்று தாளம் காட்டும் சின்னப் பெட்டி அது. அதற்குக் குவார்ட்டர்ஸில் ஒரு அறையும் ஒதுக்கியிருந்தார்கள். நான் வாடகை வீட்டில் இருந்தேன்.

கடிதத்தை அவர் வலது கையால் தாளம் போட்டுக்கொண்டே இடது கையில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு மடித்து சட்டைப் பையில் வைத்தார். மத்தியானத்துக்கு மேல் ஹெட்போனில், “இருபத்து மூணு நாள் இருக்கு, இல்ல?” என்றார். இருக்கிறது என்றேன்.

கம்பெனி பெயர் நளினகாந்தி ரெக்கார்டு கம்பெனி. மேனேஜர் பரசுராமனுக்குப் போன் போட்டேன். கடைசி நாளுக்குள் செசில் முடிக்காவிட்டால் இந்த மனிதரின் நாலு பார் என்னாவது என்று கேட்டேன். பரசுராமன் நல்லவர்தான், ஆனால் எதையும் பாதி கேட்டுவிட்டு முழுசாகப் பதில் சொல்வார்.

“அதுக்கென்ன மேடம், பக்கத்து ரூம்ல ஒரு மைக் வச்சு நாலு பாரைத் தனியா எடுத்துடுவோம். செசில் சார் என்னைக்கு முடிக்கறாரோ அன்னைக்கு ஒட்டிக்கலாம்.”

ஞானாதிக்கத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“சம்பந்தி வீட்டுல கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? செசில் என்ன சொல்லி முடிக்கறான்னு தெரியாம நான் என்னத்த வாசிப்பேன்? வெறும் தட்டல்தான் வரும்.”

செசிலிடமே கேட்கலாமே என்றால், அது முறை இல்லை. அவர் 1962-இலிருந்து கண்ணை மூடியே வாசிக்கிறார். நான் ஒலிவ் மேடத்தைக் கேட்டேன். அவர்தான் காலனி ஃபோரில் மூத்த வார்த்தை சொல்லக்கூடியவர், அவருக்கு எண்பத்தாறு.

“லுக், மா,” என்றார் ஒலிவ் மேடம், பியானோவில் கை எடுக்காமல். “நானும் ஞானத்துக்காக டெய்லி ப்ரே பண்றேன். பட் ஒரு மனுஷன் பேசிட்டிருக்கும்போது வாயைப் பொத்த முடியுமா? நம்ம பழக்கம் அது இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஜாஸ்காரர்களின் மரியாதைக்கு ஓர் அளவே இல்லை. பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அறுபத்திரண்டு வருடம் அப்படியே விட்டுவிடுகிற மரியாதை. என்னிடம் ஒரு கத்தரி இருந்தது. டேப் வெட்டி ஒட்டும் பட்டையும் இருந்தது. முதல் ரீலை எடுத்து அந்தத் தப்பு ஸ்வரத்தையே வெட்டி எறிந்துவிட்டால், சரியாக்க எதுவும் இருக்காது, செசில் நிறுத்திவிடலாம். இதைச் செய்ய ஆபரேட்டருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் செய்ய முடிந்த ஒரே ஆள் ஆபரேட்டர்தான்.

குடோன் காலனிக்குப் பின்னால் பதினேழு கட்டடங்களில் இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் ரீல்கள். முதல் ரீல் முதல் கட்டடத்தில், வாசலுக்குப் பக்கத்திலேயே, பல்லி முட்டையோடு இருந்தது. எடுத்து வந்து சின்ன மெஷினில் போட்டு ஹெட்போனில் கேட்டேன். இருபத்தைந்து வருடத்தில் அதை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். அருளப்பன் பாஸை நிமிண்டிக்கொண்டு என்னவோ முனகுகிறார். செசில் சோலோவை எடுக்கிறார். எட்டு பார் தேன் மாதிரி போகிறது. ஒன்பதாவது பாரில், தப்பு ஸ்வரத்துக்குத் துளி முன்னால், தரையில் மரம் விழுகிற சத்தம் ஒன்று கேட்டது. கம்பெனி ரிஜிஸ்டரில் அந்த இடத்துக்கு நேரே ‘நாற்காலி நகர்ந்தது’ என்று எழுதியிருந்தது. ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து பழகியவள் நான். அது நாற்காலிச் சத்தம் இல்லை. டிரம்ஸ் குச்சி.

நாலு முறை திருப்பிக் கேட்டேன். குச்சி விழுகிறது, செசிலின் விரல் திடுக்கிட்டு நழுவுகிறது. சந்தேகமே இல்லை.

மறுநாள் ஞானாதிக்கத்திடம் ஹெட்போனில் கேட்டேன். கேட்க எனக்கே வாய் கூசியது. அவர் பதில் சொல்ல முப்பத்தாறு பார் எடுத்துக்கொண்டார்.

“கை வேர்த்திருந்தது,” என்றார். “ஆகஸ்ட் மாசம். ஃபேன் போட்டா சத்தம் வரும்னு நிறுத்தி வச்சிருந்தாங்க. வழுக்கிடுச்சு.”

“யாருக்கும் தெரியாதா?”

“அருளப்பனுக்குத் தெரியும். அவன் சொல்லாமயே போயிட்டான். செசில் தன் விரல்தான் தப்பு பண்ணுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அவனுக்குப் போத்தனூர்ல பொண்ணு பார்த்து வச்சிருந்தாங்க, இந்து. அடுத்த வாரம் நிச்சயம். முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் அன்னைக்கு ஹாலுக்கு வந்தான். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். முதல் வருஷம் பயம். அப்புறம் வெக்கம். அப்புறம் சொன்னா, இத்தனை வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பானேன்னு அதுக்கு ஒரு பயம். என் நாலு பாருக்காக நான் காத்திருக்கேன்னு எல்லாரும் பாவப்படறாங்க. பாவப்பட வேண்டியது என்னைப் பார்த்து இல்ல.”

அவர் அழுதார். அழுகை தாளத்தில்தான் இருந்தது, அதனால் டேப்பை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

கத்தரி விஷயத்தைச் சொன்னேன். குச்சிச் சத்தமும் ஸ்வரமும் சேர்ந்து டேப்பில் மூன்று விரற்கடை நீளம்தான், வெட்டினால் இரண்டு பேர் தப்பும் போய்விடும் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“அதை வெட்டிட்டா அவன் அறுபத்திரண்டு வருஷம் வாசிச்சது எதுக்கு? அது அத்தனையும் அந்த ஒண்ணைச் சரியாக்க வாசிச்சது. அந்த ஒண்ணு இல்லன்னா, மிச்சம் எல்லாம் தப்பாயிடும். பத்து லட்சம் ரீல் தப்பை யார் உக்காந்து சரி பண்றது?”

அவர் சொன்னது சரி. கத்தரியை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஜூலை முப்பத்தொன்று வந்தது. புதன்கிழமை. நாலு மணிக்கே பரசுராமன் பொன்னாடையும் ரோஜா மாலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூடவே மெட்ரோனோம். அதை என் அறையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஃபேன் காற்று படுமாறு திருப்பிவைத்தார். பயணக் களைப்பு இருக்கும் என்றார். ஹாலுக்கு வெளியே காலனிக்காரர்கள் கூடியிருந்தார்கள். பஜ்ஜி போட்டிருந்தார்கள். ஞானாதிக்கம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வழக்கம்போல வாசித்துக்கொண்டிருந்தார். செசில் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். முடிக்கிற அறிகுறியே இல்லை.

நாலு நாற்பதுக்கு ஞானாதிக்கம் பேசினார். ஹெட்போனில் இல்லை. வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் தாளத்தில்.

“செசில். அன்னைக்கு உன் விரல் தப்பு பண்ணல. என் கையிலேருந்து குச்சி விழுந்தது. அதுல நீ திடுக்கிட்டே. நான் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோப்பா.”

காலனியில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். செசில் வாசிப்பை நிறுத்தவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஆனால் வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, ஓர் இடத்தில் நின்று சுற்ற ஆரம்பித்தது. ரெஜினாவுக்கு முதலில் புரிந்தது. அவள் அப்பா வாசித்த மாதிரியே பாஸை நிமிண்டினாள். பிறகு ஒலிவ் மேடத்துக்குப் புரிந்தது. கடைசியில் எனக்கும் புரிந்தது. செசில் முதல் எட்டு பாரை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

எட்டு பார் முடிந்தது. ஒன்பதாவது பாரில் ஞானாதிக்கம் இடது கையை விரித்தார். குச்சி தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தின் மேல் செசில் அதே தப்பு ஸ்வரத்தை வாசித்தார்.

அது சரியாக இருந்தது. எனக்குச் சங்கீதம் அவ்வளவு தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஸ்வரம் செசிலுடையது மட்டும் இல்லை, பாதி குச்சியுடையது. பாதியை வைத்துக்கொண்டு சரியாக்கப் பார்த்ததால்தான் எண்பத்தாறிலேயே நின்றிருக்கிறது. குழு வந்து கேட்டுச் சான்றிதழ் தர மூன்று மாதம் ஆகும். செசில் அதற்காகக் காத்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தார். வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தார். ஞானாதிக்கத்தைப் பார்த்து, “முதல்லயே சொல்லக் கூடாதா, மேன்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு நாலு விரலைத் தூக்கினார்.

ஞானாதிக்கத்தின் கையில் ஒரு குச்சிதான் இருந்தது. மற்றது தரையில் கிடந்தது. குனிந்தால் ஒரு பார் போய்விடும். அவர் குனியவில்லை. ஒரு குச்சியாலும் ஒரு வெறுங்கையாலும் தன் நாலு பாரை வாசித்தார்.

அதில் என்ன வாசித்தார் என்று நான் சொல்லப் போவதில்லை. ரெக்கார்டில் வருகிறது, வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன், அந்த ரீலின் டப்பாவில் நான் தேதியை மூன்று முறை தப்பாக எழுதிவிட்டேன், கண் மறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு நாலு பேரும் சேர்ந்து பாட்டின் தொடக்கத்தை ஒரு முறை வாசித்து முடித்தார்கள். நாலு ஐம்பத்து மூன்றுக்குச் சிவப்பு விளக்கை அணைத்தேன். சுவிட்ச் கெட்டியாக இருந்தது. காலனியில் சிறிது நேரம் யாருக்கும் எப்படி நடப்பது என்று தெரியவில்லை, அங்கங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சரியாகிவிட்டது. பரசுராமன் பொன்னாடையைப் போர்த்தினார். மெட்ரோனோம் மறுநாள் காலை ரயிலில் திரும்பிப் போனது, பயணப்படி கேட்டு எழுதியதாகக் கேள்வி. செசில் ஒரு காபி குடித்துவிட்டு, போத்தனூருக்கு டிக்கெட் எடுத்தார். நிச்சயம் தள்ளிப் போனதுதானே தவிர நின்றுபோகவில்லை என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

‘கேரியர் மீல்ஸ்’ அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. தட்டுக்கு ஒரு மணி நேரமாக, ஒரு செட்டுக்கு ஐந்து லட்சத்து நாற்பத்து மூன்றாயிரத்துச் சொச்சம் தட்டுகள். முதல் செட்டைக் கம்பெனி ஞானாதிக்கத்துக்கு ஓய்வுப் பரிசாகக் கொடுத்தது, வழக்கமாகக் கொடுக்கிற கைக்கடிகாரத்துக்குப் பதிலாக. லாரிகள் ஒன்பது நாள் வந்துகொண்டிருந்தன. அவர் வீடு சின்னது. தெருவில் எல்லாரும் ஆளுக்கு ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். தட்டு மாற்றும்போது இடைவெளி விழக் கூடாது என்று இரண்டு பிளேயர்கள் கொடுத்து, மாற்றுவதற்கு என்னையும் அங்கேயே போஸ்டிங் போட்டார்கள். இந்த முறை நாற்காலி நன்றாக இருந்தது.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் போனேன். அவர் குளித்துவிட்டு, வாசலைப் பார்த்து ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு யோசனையோடுதான் போயிருந்தேன். கடைசி லாரி வந்து இறக்கியதால் கடைசித் தட்டு வராந்தாவில் மேலாகவே இருந்தது.

“சார், முதல்ல கடைசித் தட்டைப் போடட்டுமா? உங்க நாலு பார் அதுலதான் இருக்கு. ஏழு விநாடி. கேட்டுடலாம்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“செசில் வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல புகுந்து போறதா? நல்லாருக்கே நீ சொல்றது. முதல் தட்டைப் போடு.”

போட்டேன். செசில் சோலோவை எடுத்தார். ஒன்பதாவது பாரில் குச்சி விழுந்தபோது ஞானாதிக்கம் வீட்டுச் சுவர்களைப் பார்த்து, “நான்தான்,” என்றார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் எனக்குத் தெரிந்து முதல்முறையாக நிம்மதி இருந்தது. பதினோரு மணிக்கு நான் இரண்டாவது தட்டுக்கு மாற்றினேன்.

அந்த வாரமே டாக்டர் வேதமுத்துவை வீட்டுக்கு வரவழைத்தோம். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பவர். அவர் ஞானாதிக்கத்தின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன பிரச்சினை?”

“பிரச்சினை ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றார் ஞானாதிக்கம். “என் டர்ன் 2086 அக்டோபர் முப்பத்தொண்ணாம் தேதி வருது. அதுவரைக்கும் இருக்கணும்.”

டாக்டர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். நூற்று நாற்பத்தாறு வயசாகும் என்றார். ஆகும் என்றார் ஞானாதிக்கம். டாக்டர் சீட்டை எடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதினார். கீழே ‘31-10-2086 வரை’ என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

“தட்டு மாத்தறது யாரு?” என்று கேட்டார் எழுந்துகொள்ளும்போது. நான்தான் என்றேன். வயசு கேட்டார், சொன்னேன். கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அதே சீட்டில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பேருக்குமாக முதல் மாதத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.